மீன் செதிள் போல ஒரு கல் கூரை

தேம்ஸ் நதிக்கரையில் ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய வீடு அது. பழைய கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கிலாந்து சொன்ன பதிலில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பதில் இந்தியாவுக்கும் வந்தது.

இறவாரத்தில் இருக்கும் கல் ஓட்டை ஓர் ஆள் தனியாகத் தூக்கித் திணறவேண்டும். முகட்டருகே இருப்பதை ஒற்றைக் கையால் எடுத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே வரிசைக்கு வரிசை ஓடு சிறுத்துக்கொண்டே போகிறது. கீழே நின்று பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. கூரை ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது என்பது மட்டும் புரியாமல் நிற்பார்கள்.

கெல்ம்ஸ்காட் மேனர் என்ற அந்த வீடு ஆக்ஸ்ஃபோர்ட் நகருக்கு மேற்கே, லெச்லேட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், தேம்ஸ் இன்னும் ஒரு சின்ன ஆறாகவே ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் இருக்கிறது. 'மேனர்' என்றால் ஜமீன் மாளிகை. ஆனால் கட்டியவர்கள் ஜமீன்தார்கள் அல்ல. சொந்த நிலத்தில் பயிர் செய்து வசதியாக இருந்த டர்னர் என்ற விவசாயக் குடும்பம். 1600-ஐ ஒட்டி முதல் பகுதியைக் கட்டினார்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கையில் காசு சேர்ந்ததும் வடகிழக்கில் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். 'மேனர்' பட்டம் எல்லாம் 19-ம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

கட்டட வரைபடக்காரர் என்று யாருடைய பெயரும் இந்த வீட்டோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. அந்தக் காலத்தில் கிராமத்து வீட்டுக்கு அப்படி ஒருவர் தேவைப்படவும் இல்லை. கொத்தனாருக்குக் கல் தெரியும்; தச்சருக்கு மரம் தெரியும்; வீட்டுக்காரருக்கு எத்தனை அறை வேண்டும் என்று தெரியும். மற்றதெல்லாம் வட்டார வழக்கம்.

அந்த வழக்கத்தின் உச்சம் கூரைதான். இங்கிலாந்தின் நடுத்தென்பகுதியில் கோட்ஸ்வோல்ட் குன்றுகளும் அவற்றின் சுற்றுப்புறமும் முழுக்கச் சுண்ணாம்புக் கல். ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசார்கள் நடமாடிய காலத்தில், ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. சுவருக்கும் அதே கல், கூரைக்கும் அதே கல், வேலிக்கும் அதே கல். கூரைக்கானது மட்டும் தகடாகப் பிரிய வேண்டும். சில பாறைகள் வெட்டும்போதே தகடு தகடாகக் கிடைத்தன. மற்றவற்றைப் பிளக்கும் வேலையை பனிக்காலத்திடம் ஒப்படைத்தார்கள்.

இதற்குப் பேர் பெற்ற ஊர் ஸ்டோன்ஸ்ஃபீல்ட். இலையுதிர்காலத்தில் சுரங்கத்திலிருந்து கல்லை வெட்டி மேலே கொண்டுவருவார்கள். அதன் ஈரம் காய்ந்துவிட்டால் கல் பிறகு எந்த ஜென்மத்திலும் பிளக்காது. அதனால் மண்ணைப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். கடும் உறைபனி இறங்கும் இரவில் மாதா கோயில் மணி அடிக்கும். ஆண்கள் படுக்கையை விட்டு எழுந்து ஓடி, கல்லைத் திறந்து போடுவார்கள். உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரியும்போது கல் ஏடு ஏடாகப் பிரியும். அந்த ஏடுகளைச் சுத்தியலால் தட்டி அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு துளை போட்டு, ஓக் மர ஆணியைச் செருகி, ரீப்பரில் மாட்டுவார்கள். ஒவ்வோர் அளவுக்கும் தனிப்பெயர் உண்டு. ஓர் அளவுக்கு 'பேச்சலர்' என்று பெயர் வைத்த குறும்பர் யாரோ!

அளவு குறைந்துகொண்டே போவதற்குக் காரணம் அழகு இல்லை, சிக்கனம். மலையை வெட்டினால் பெரிய தகடும் வரும், சின்னத் தகடும் வரும். எதையும் வீணாக்க முடியாது. கூரைத் தண்ணீர் முழுவதும் வந்து சேரும் அடிப்பகுதிக்குப் பெரியவை. எடை குறைவாக இருக்கவேண்டிய முகட்டுக்குச் சிறியவை. கல் ஓட்டுக்கு இடையே மழை புகாமல் இருக்கக் கூரைக்கு நல்ல வாட்டம் வேண்டும். எனவே கூரை செங்குத்தாக ஏறியது. அது அப்படி ஏறியதால் அதன் அடியில் மாடி அறைகள் கிடைத்தன. அந்த அறைகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் முக்கோணச் சுவர்கள் எழுந்து அவற்றில் ஜன்னல்கள் வந்தன. நாம் 'கோட்ஸ்வோல்ட் பாணி' என்று படம் பிடித்துக்கொள்ளும் மொத்த உருவமும் ஒரு கல் ஓட்டின் பிடிவாதத்திலிருந்து பிறந்ததுதான்.

சுவர்கள் வேறு கதை. செதுக்காத வட்டாரக் கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கியவை. ஜன்னல்களை மட்டும் நன்றாகச் செதுக்கிய கல் தண்டுகள் பிரிக்கின்றன. உற்றுப் பார்த்தால் சுவர்கள் மேலே போகப் போகக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்வது தெரியும். தூக்குக்குண்டு போட்டால் தப்பு என்று சொல்லும் சாய்வு. கண்ணுக்கோ வீடு தரையில் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்ற நிம்மதி. பின்னால் சேர்த்த பகுதியில் சுவருக்கு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அதன் உச்சி ஜன்னல்களின் தலையில் கிரேக்கக் கோயில் முகப்பு போலச் சின்னஞ்சிறு முக்கோணங்கள். லண்டனில் மாறிவரும் ஃபாஷன் எப்படியோ இந்த மூலைக்கும் கசிந்திருக்கிறது. அரைகுறையாகத்தான். அந்த அரைகுறையில் ஒரு வசீகரம் இருக்கிறது.

உள்ளே போனால் மாடியில் நடைவழி என்று ஒன்று கிடையாது. ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறை. படுக்கையறையை ஒட்டியே உட்காரும் அறை. விருந்தாளிகளாக வந்த விக்டோரிய கால கனவான்கள் இதைப் பார்த்துச் சங்கடப்பட்டார்களாம். தனியறை என்பதே மிகப் பிற்கால ஏற்பாடு என்பதை இந்த வீடு நினைவுபடுத்துகிறது. தோட்டத்துப் பக்கம் மூன்று பேர் அருகருகே உட்காரக்கூடிய கழிப்பிடம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, கூரைக்கு நேர் அடியில், பெரும் உத்தரங்கள் குறுக்கும் நெடுக்கும் போகும் பரண் அறைகள். ஏர் ஓட்டியவர்களும் மாடு மேய்த்தவர்களும் படுத்த இடம் அது. கீழே 17-ம் நூற்றாண்டுத் திரைச்சீலைகள் தொங்கிய அறை. வேலைக்காரர்களும் எஜமானர்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள் என்று நெகிழ்ந்து எழுதுபவர்கள் உண்டு. பனிக்காலத்தில் அந்தக் கூரைக்கு யார் பக்கத்தில் படுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

1871 மே மாதம். 37 வயது வில்லியம் மோரிஸ், வீட்டுத் தரகர் ஒருவரின் பட்டியலில் இந்த வீட்டைக் கண்டுபிடித்தார். கவிஞர், சுவர்த்தாள், திரைச்சீலை, வண்ணக் கண்ணாடி செய்யும் கம்பெனியின் பங்குதாரர், பின்னாளில் சோஷலிஸ்ட். ஓவியர் டான்டே கேப்ரியல் ரோசெட்டியுடன் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார். மோரிஸின் மனைவி ஜேன் மீது ரோசெட்டி மோகம் கொண்டிருந்தது நண்பர்கள் வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். வீட்டை எடுத்த கையோடு மோரிஸ் ஐஸ்லாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். கோடைக்காலம் முழுக்க ஜேனும் குழந்தைகளும் ரோசெட்டியும் கெல்ம்ஸ்காட்டில். அந்த ஆண்டு ரோசெட்டி வரைந்த 'வாட்டர் வில்லோ' ஓவியத்தில் ஜேனுக்குப் பின்னால் இந்த வீடும் ஆறும் தெரிகின்றன. திரைச்சீலை அறையைத்தான் அவர் ஓவியக்கூடமாக்கிக்கொண்டார். சீலைகளில் இருந்தது பைபிளின் சாம்சன் கதை, கண்ணைப் பிடுங்கும் காட்சி உட்பட. ரோசெட்டிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. 1874-ல் அவர் அங்கிருந்து போய்ச்சேர்ந்தார். சீலைகள் இன்னும் அங்கேதான் தொங்குகின்றன.

மோரிஸ் மட்டும் 1896-ல் சாகும்வரை அந்த வீட்டை விடவில்லை. சொந்தமாக்கிக்கொள்ளவும் இல்லை, கடைசிவரை குடக்கூலிக்காரர்தான். வசிக்கும் வீடு லண்டனில். அதற்கும் 'கெல்ம்ஸ்காட் ஹவுஸ்' என்று பெயர் வைத்தார். 1891-ல் தொடங்கிய அச்சகத்துக்கும் கெல்ம்ஸ்காட் பெயரே. 1880-ல் குடும்பத்தோடும் நண்பர்களோடும் லண்டன் வீட்டிலிருந்து கிராமத்து வீடுவரை படகிலேயே போனார். தோட்டத்தில் பழுத்த ஸ்ட்ராபெர்ரியைப் பறவைகள் வலைக்கடியில் புகுந்து திருடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததன் பலன், 1883-ல் வந்த 'ஸ்ட்ராபெர்ரி தீஃப்' என்ற துணி டிசைன். நீலிச் சாயத்தில் முக்கி எடுத்து, வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுக்க வைத்து மற்ற நிறங்களை ஏற்றும் கடினமான முறையில் அச்சிட்டார். இன்று காபி கோப்பையிலும் கைப்பையிலும்கூட அது விற்கிறது. 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' என்ற அவரது கற்பனை நாட்டுக் கதை முடியும் இடமும் இந்த வீடுதான். கெல்ம்ஸ்காட் அச்சகப் பதிப்பின் முகப்புப் படத்தில் வீட்டு வாசலும் இருபுறமும் ரோஜாச் செடிகள் நிற்கும் நடைபாதையும் இருக்கின்றன. 1894-ல் வீட்டைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கூரையின் கல் ஓடுகளை மீன் செதிளுக்கும் பறவை இறகுக்கும் அவர் ஒப்பிட்டது அதில்தான்.

இது பணக்கார லண்டன்காரரின் கிராமத்து மயக்கம் என்று ஒதுக்கிவிட முடியாதா? முடியும். மோரிஸின் இளமைக்கால வருமானம் டெவன்ஷயர் தாமிரச் சுரங்கப் பங்குகளிலிருந்து வந்தது. அவருக்கு விடுமுறை வீடு. ஊர்க்காரர்களுக்கு அது வயலும் வேலையும். ஆனால் அவர் அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது மயக்கம் மட்டும் இல்லை, ஒரு வாதம்.

1876-ல் கெல்ம்ஸ்காட்டிலிருந்து வண்டியில் போகும் வழியில், பர்ஃபோர்ட் ஊர் தேவாலயத்தைப் 'புதுப்பித்து'க்கொண்டிருப்பதைப் பார்த்தார். கோபத்தோடு கேள்வி கேட்டவருக்கு அங்கிருந்த பாதிரியார், இது என் கோயில், நினைத்தால் இதற்குள் தலைகீழாகக்கூட நிற்பேன் என்கிற மாதிரி பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுவதும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. 13-ம் நூற்றாண்டில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கட்டடக் கலைஞர் ஒருவர் ஊகிப்பார். அதற்குப் பிந்திய முந்நூறு, நானூறு ஆண்டுகளில் சேர்ந்த எல்லாவற்றையும் இடித்து, சுவர்ப் பூச்சைச் சுரண்டி, ஊகத்தைப் புதுக்கல்லில் கட்டிவைப்பார். ட்யூக்ஸ்பரி ஆலயத்துக்கும் இந்தக் கதி வரப்போகிறது என்று தெரிந்ததும் மோரிஸ் 1877 மார்ச்சில் 'அதீனியம்' வார இதழுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. சுரண்டலை எதிர்ப்பவர்கள் என்பதால் நண்பர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஆன்ட்டி-ஸ்கிரேப்'. சங்கம் இன்றும் இயங்குகிறது.

மோரிஸ் எழுதிய சங்கத்தின் அறிக்கை சொன்ன விஷயம் எளிது. பழைய கட்டடம் எந்த ஒரு காலத்துக்கும் சொந்தமில்லை. எல்லாக் காலமும் அதில் வேலை செய்திருக்கிறது. தினமும் கவனி, ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக் கொடு. பழையது போலப் போலி செய்யாதே. 1600-ன் சுவரோடு 1660-களின் கிரேக்க முக்கோணங்கள் சண்டை போடாமல் நிற்கும் வீட்டில் குடியிருந்தவருக்கு இது சித்தாந்தமாக மட்டும் தோன்றியிருக்காது. அருகிலுள்ள இங்கிள்ஷாம் என்ற குக்கிராமத்துத் தேவாலயத்தை 1888-89-ல் இந்த முறையில் செப்பனிட உதவினார். உள்ளே கோணல்மாணலான மரத்தடுப்புகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நூற்றாண்டுச் சுவர் எழுத்துகள். எதையும் 'சரி' செய்யவில்லை. சங்கத்தினர் பின்னர் இன்னொரு பழக்கத்தையும் வளர்த்தார்கள். அரித்துப்போன கல்லின் இடத்தில் அதே மாதிரி கல் வைக்காமல், தட்டை ஓடுகளை அடுக்கிச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். இது பின்னால் செய்த ரிப்பேர் என்று பார்த்தவுடன் தெரியவேண்டும் என்பதற்காக.

மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் ஒருவருக்கு இங்கே ஒரு சந்தோஷம். மோரிஸ் எதிர்த்ததற்குத் தமிழில் 'புதுப்பித்தல்'. அவர் கேட்டதற்குப் 'பழுதுபார்த்தல்'. பழுதை முதலில் பார்க்கவேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கோயில்களில் இரண்டையும் சேர்த்துத் 'திருப்பணி' என்கிறோம். வம்பே அங்கேதான்.

ஏனென்றால் இந்த வாதம் இந்தியாவுக்கும் கப்பலேறியது. 1902-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற ஜான் மார்ஷல் 1923-ல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, மோரிஸ் சங்கத்தின் கொள்கையைப் பெருமளவு பின்பற்றியது. புதிதாக்காதே, இருப்பதைக் காப்பாற்று என்பதே அதன் சாரம். தொல்லியல் துறைக்கு 2014-ல் புதிய கொள்கை வரும்வரை பல தலைமுறை அதிகாரிகளுக்கு அதுதான் வேதம். இடிந்த கோட்டைக்கும் ஆளில்லாத ஸ்தூபிக்கும் அது பொருந்தியது. தினமும் விளக்கேற்றும் கோயிலுக்கு? கல்லும் சடங்கும் சேர்ந்தே உயிரோடு இருக்கும் இடத்தில், குடமுழுக்கு என்பது புதுப்பிப்பதற்கான நாள்தானே என்று கேட்பவர்களுக்கு அந்தக் கையேட்டில் முழு விடை இல்லை. அதேசமயம், தமிழ்நாட்டுக் கோயில் தூண்களை மணல் வீச்சு இயந்திரத்தால் 'சுத்தம்' செய்து சிற்பங்களின் முகத்தையே மழித்த கொடுமையைப் பார்த்தவர்களுக்கு 'ஆன்ட்டி-ஸ்கிரேப்' என்ற பெயரின் அருமை சட்டென்று விளங்கும்.

இந்த நோயிலிருந்து கெல்ம்ஸ்காட் வீடே தப்பியதா என்பதுதான் சுவாரசியம். ஜேன் 1913-ல் வீட்டை விலைக்கு வாங்கி மறு ஆண்டே காலமானார். அம்மாவிடமிருந்து வீட்டைப் பெற்ற இளைய மகள் மே, எம்பிராய்டரி கலையில் தனக்கென்று பெயர் பெற்றவர். அப்பாவின் கட்டிலுக்கு அவர் வடிவமைத்த திரையில் அப்பாவின் கவிதையே பூவேலையாகத் தைக்கப்பட்டிருக்கிறது. 1938-ல் அவர் இறந்தபோது வீட்டை ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். வீடும் பொருள்களும் இருந்தபடியே இருக்கவேண்டும், நவீன வசதி எதுவும் நுழையக் கூடாது என்ற தோரணையில் நிபந்தனைகள். எதையும் மாற்றக்கூடாது என்றால் யார் குடியிருப்பார்கள்? யாரும் சரியாகக் குடியிருக்காத வீட்டைத் தினமும் கவனிப்பது யார்? அப்பாவின் கொள்கையில் பாதியை மகள் நிறைவேற்ற, மறுபாதி அடிபட்டுப்போயிற்று. 1962-ல் அந்த ஏற்பாடு சட்டப்படி முடிவுக்கு வந்து, லண்டனின் தொல்பொருள் ஆர்வலர் கழகத்திடம் வீடு வந்தபோது அதன் நிலை மோசம். அந்தப் பத்தாண்டில் பெரிய அளவில் மராமத்து செய்யவேண்டியிருந்தது. பிறகும் ஒரு சுற்று. லாட்டரி நிதியின் உதவியோடு வேலைகள் முடிந்து 2022-ல் பார்வையாளர்களுக்கு மறுபடி திறந்தார்கள்.

ஊரைச் சுற்றி நடந்தால் வீட்டின் பிள்ளைகள் தென்படும். ஜேனுக்காக 1902-ல் ஃபிலிப் வெப் கட்டிய இரட்டைக் குடில்கள். முகப்பில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மோரிஸின் கல் சிற்பம். மே முயற்சி எடுத்துக் கட்டிய ஊர் மண்டபம், எர்னஸ்ட் கிம்சனின் வரைபடம். 1934-ல் பெர்னார்ட் ஷா திறந்துவைத்தார். வயலுக்கும் தோட்டத்துக்கும் வேலியாகப் பலகை பலகையாகக் கல்லை நட்டிருக்கிறார்கள். தேவாலயத்தின் முற்றத்தில் மோரிஸ் குடும்பத்தின் கல்லறை. வெப் வடிவமைத்த அந்தக் கல் நடுவில் முகடும் இருபக்கம் சரிவுமாக ஒரு சிறிய கூரை போலவே இருக்கிறது.

இன்றைய சிக்கல், பெரிய கூரைகளில். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்டோன்ஸ்ஃபீல்டின் சுரங்கங்கள் அடங்கிவிட்டன. கான்கிரீட் ஓடு மலிவாக வந்தது; இரவில் மணியோசைக்கு எழுந்து ஓடும் ஆட்களும் இல்லாமல் போனார்கள். கோட்ஸ்வோல்ட் கல்வீடுகளோ இப்போது காசுள்ளவர்களின் வார இறுதி வீடுகள். உள்ளூர் விவசாயத் தொழிலாளியின் பிள்ளை அங்கே ஒரு குடிலை வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. புதிதாகக் கல் ஓடு செய்பவர்கள் சிலர் இருக்கிறார்கள்; விலை அதிகம், கிடைப்பதும் குறைவு. எனவே ஒரு பழைய வீட்டின் கூரையை முறையாகப் பழுதுபார்க்க வேண்டுமென்றால், பல சமயம் வேறெங்கோ ஒரு பழைய தானியக் களஞ்சியத்தின் கூரையிலிருந்து இறக்கிய ஓடுகளைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. அப்படி இறக்கிய ஓடுகளுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதால், கேட்பாரற்ற களஞ்சியங்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கூரை காணாமல் போவதும் உண்டு.